குடும்ப நல கோர்ட்டில் கொடுக்கும் ஆவணம் ஊருக்கு தெரியுமா?

திருவண்ணாமலை:

விவாகரத்து, ஜீவனாம்சம் என்று கோர்ட்டு படியேற தயங்கும் பெண்கள் நம் மாவட்டத்தில் நிறைய. தேரடி வீதியில் பூ விற்பவரோ, ஆரணியில் பட்டு நெய்பவரோ, பயம் ஒன்றுதான். 'நம்ம வீட்டு கதை ஊருக்கே தெரிஞ்சிடுமோ?'

இதற்கு சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1955-ம் ஆண்டு இந்து திருமண சட்டத்தின் 22-வது பிரிவுப்படி விவாகரத்து வழக்கை மூடிய அறையில்தான் விசாரிக்க வேண்டும். விவரத்தை அச்சிட்டு வெளியிடவும் தடை. மீறினால் ரூ.1,000 வரை அபராதம். (இன்றைக்கு ஆயிரம் ரூபாய்க்கு யார் பயப்படுவார் என்பது வேறு விஷயம்.) ஐகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புகளை மட்டும் அனுமதி பெற்று வெளியிடலாம்.

மற்ற மதத்தினரும், ஜீவனாம்சம் கேட்பவர்களும் 1984-ம் ஆண்டு குடும்ப கோர்ட்டு சட்டத்தின் 11-வது பிரிவை சொல்லி கேட்கலாம். இருவரில் ஒருவர் கேட்டாலே குடும்ப நல கோர்ட்டு கதவை மூடியாக வேண்டும். ஆனால் வாய் திறந்து கேட்கணும்.

எதிர் தரப்புக்கு போகும்

கதவு மூடுவது ஊருக்குத்தான். நீங்கள் தாக்கல் செய்யும் காகிதத்தின் நகல் எதிர் தரப்பு கைக்கு போகும். அடி உதைக்கு பயந்து வேறு ஊரில் தங்கியிருக்கும் பெண், அந்த முகவரி கணவருக்கு தெரியக்கூடாது என்றால் மனு போடும் முன்பே வக்கீலிடம் சொல்லிவிட வேண்டும். ஆதார் நகல், பேங்க் பாஸ்புக், பிள்ளையின் பள்ளிக்கூட ரசீது எல்லாவற்றிலும் இடம் தெரிந்துவிடும். பலர் இதை கவனிப்பதே இல்லை.

'வருமானமே இல்லைங்க'

ஜீவனாம்ச வழக்கில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. 2020 நவம்பர் 4-ந்தேதி ரஜ்னேஷ்-நேகா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு கடிவாளம் போட்டது. கணவன், மனைவி இருவருமே சம்பளம், சொத்து, கடன் விவரங்களை பிரமாண பத்திரமாக கொடுக்க வேண்டும். பதில் தருபவருக்கு அதிகபட்சம் 4 வாரம். பொய் சொன்னால் தனியாக நடவடிக்கை வரும். பெங்களூருவில் மேஸ்திரி வேலை செய்பவருக்கு சம்பள சீட்டு ஏது? பேங்க் ஸ்டேட்மெண்ட், பைக் தவணை, சீட்டு கட்டிய ரசீது இவற்றை வைத்து வருமானத்தை காட்டலாம்.

செல்போன் ஆதாரம்

மனைவியின் போன் அழைப்பு பட்டியலை கணவர் ரகசியமாக எடுத்து கொடுத்த வழக்கில், அந்தரங்க உரிமையை மீறி எடுத்த ஆதாரம் செல்லாது என்று 2024-ல் ஐகோர்ட்டு மதுரை கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் கூறினார். 2025 ஜூலை 14-ல் சுப்ரீம் கோர்ட்டு வேறொரு வழக்கில், கணவன்-மனைவி பேச்சை ரகசியமாக பதிவு செய்திருந்தாலும் அவர்களது விவாகரத்து வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்றது. அதற்காக அந்த ஆடியோவை சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால் வம்புதான், அதுவே தனி வழக்காகலாம்.

வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. இலவச உதவி எண் 15100.