மண்ணுள் உறங்கும் களைவிதைகள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

உழவின் வரலாற்றை எழுதுவோர் விதைத்த பயிரைப் பற்றியே பெரிதும் பேசுவர். விதைக்காமல் முளைத்த செடியைப் பற்றிய பேச்சு குறைவு. ஆயினும் உழவரின் உழைப்பில் பெரும்பகுதி களைக்கே செலவாகி வந்துள்ளது. களைச்செடி கண்ணுக்குத் தெரிவது சில திங்களே. அதன் விதையோ மண்ணுள் பல்லாண்டுகள் கிடக்கும். எனவே களைச்சிக்கல் என்பது செடியை மட்டுமன்றி, மண்ணில் உறங்கும் விதையிருப்பையும் பற்றியதாகும். இவ்வுண்மை தமிழ் இலக்கியத்தில் எந்த அளவிற்குப் பதிவாகியுள்ளது, அறிவியலில் எவ்வாறு உருப்பெற்றது, வட இந்தியக் கோதுமை வயல்களில் எவ்வாறு சோதனைக்குள்ளாயிற்று என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இலக்கியச் சான்றுகள்

குறுந்தொகையின் 309ஆம் பாடலை உறையூர்ச் சல்லியன் குமாரனார் பாடியுள்ளார். வயலில் களையாகப் பறிக்கப்பட்ட நெய்தல் வரப்பில் கிடந்து வாடுகிறது. எனினும் தன்னைக் களைந்தவரின் நிலத்தை விட்டு நீங்க எண்ணாது, அதே வயலில் அது மீண்டும் பூக்கிறது. தலைவனால் புறக்கணிக்கப்பட்டும் அவனை நீங்காத நிலைக்கு இது உவமை. பறித்தாலும் களை திரும்ப வரும் என்ற வேளாண் பட்டறிவு இவ்வுவமையின் அடித்தளம். ஆனால் நெய்தல் மண்ணுள் உள்ள கிழங்கிலிருந்தும் தழைக்கக்கூடியது. ஆகவே இப்பாடலைக் களைவிதை பற்றிய அறிவுக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. களையின் மீட்சியைப் புலவர் கண்டார். அதன் காரணத்தைக் கூறுவது அவர் நோக்கமன்று.

திருக்குறளின் 1037ஆம் குறளையும் இவ்வாறே அணுக வேண்டும். ஒரு பலப் புழுதி காற்பலம் ஆகுமாறு உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் பயிர் செழிக்கும் என்பது அதன் கருத்து. இக்காலத்தார் சிலர் இதனைக் களைக்கட்டுப்பாட்டு நெறியாக விளக்க முற்படலாம். குறள் பேசுவது விளைச்சலையும் எருவையுமே. உழுது உலர்த்துவதால் களைகளின் வேர்களும் கிழங்குகளும் வெயிலில் காய்ந்து அழியும் என்பது உண்மையே எனினும், அது நூலின் கூற்று அன்று, செயலின் பயன். களை கட்டலை வள்ளுவர் தனியே 1038ஆம் குறளில் எருவிடுதல், நீர் பாய்ச்சுதல், காத்தல் ஆகியவற்றோடு வைத்துப் பேசுகிறார். 550ஆம் குறளில் கொடியோரை வேந்தன் ஒறுத்தலுக்குக் களையெடுப்பை உவமையாக்குகிறார். பழம்பாடல்களில் இக்கால அறிவியல் முழுவதையும் காண விழைவது அப்பாடல்களுக்கும் அறிவியலுக்கும் ஒருசேர நேர்மையற்றது.

அறிவியலில் உருப்பெற்ற வரலாறு

மண்ணுள் விதைகள் மிகுந்து கிடப்பதை எண்ணிக்கையால் காட்டியவர்களுள் சார்லசு டார்வின் குறிப்பிடத்தக்கவர். குளக்கரையில் மூன்று கரண்டிச் சேற்றை எடுத்துத் தம் அறையில் ஆறு மாதங்கள் மூடி வைத்தார். அதிலிருந்து 537 செடிகள் முளைத்தன. 1859இல் வெளிவந்த உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலில் இச்செய்தியை அவர் பதிவு செய்துள்ளார்.

விதைகள் எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்ற வினாவை வில்லியம் பீல் 1879இல் எழுப்பினார். அமெரிக்காவின் மிச்சிகன் வேளாண் கல்லூரியில் 21 வகைச் செடிகளின் விதைகளை, வகைக்கு 50 வீதம் மணலோடு கலந்து, 20 புட்டிகளில் இட்டுப் புதைத்தார். 2021இல் ஒரு புட்டி எடுக்கப்பட்டபோது வெர்பாசுகம் பேரினத்து விதைகள் சில முளைத்தன. ஏறத்தாழ 141 ஆண்டுகள் அவை மண்ணுள் உறங்கியிருந்தன. இச்சோதனை 2100 வரை தொடருமாறு திட்டமிடப்பட்டுள்ளது.

வயல்மண்ணின் களைவிதைகளை முறையாக எண்ணிய பணி இங்கிலாந்தின் ரோதம்சுடெட் ஆய்வுநிலையத்தில் நடைபெற்றது. வினிபிரட் பிரென்ச்லி, கேத்தரின் வாரிங்டன் ஆகிய இரு பெண் அறிஞர்கள் 1930இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். நிலத்தைத் தரிசாக விட்டு உழும்போது விதையிருப்பு குறைவதும், ஒவ்வொரு களையினமும் வெவ்வேறு அளவில் குறைவதும் இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயின. ஆனால் 1940களில் 2,4-டி போன்ற களைக்கொல்லிகள் வந்தபின், உழவுத்தொழிலின் கவனம் மண்ணில் கிடக்கும் விதையிலிருந்து நிலத்தின்மேல் நிற்கும் செடிக்கு மாறிற்று.

கலைச்சொல் குறித்து

மண்ணில் கிடக்கும் விதைத்தொகுதியைத் தமிழில் 'விதை வங்கி' என மொழிபெயர்ப்பர். ஆனால் நாட்டு விதைகளைச் சேமித்து உழவருக்கு வழங்கும் அமைப்புக்கும் இச்சொல்லே வழங்குகிறது. ஒன்று காக்கப்பட வேண்டியது; மற்றொன்று குறைக்கப்பட வேண்டியது. இரண்டிற்கும் ஒரே சொல் இருப்பது குழப்பம் தரும். எனவே களைவிதைகளைக் குறிக்க 'மண்விதை இருப்பு' என்னும் தொடர் பொருத்தமானதாகும்.

வட இந்தியக் கோதுமை வயல்கள்

இவ்விருப்பைப் புறக்கணித்ததன் விளைவை அரியானா, பஞ்சாப் மாநிலங்களின் வரலாறு காட்டுகிறது. 1960களில் குட்டைக் கோதுமை வகைகள் பரவின. உயரம் குறைந்த பயிர் களையை நிழலால் அடக்க இயலவில்லை. நெல்லுக்குப்பின் கோதுமை என்ற சுழற்சி நிலைபெற்றபோது, நீர் தேங்கிய நெல்வயலில் காட்டு ஓட்சு போன்ற களைகளின் விதைகள் அழிந்தன. பாலாரிசு மைனர் என்னும் புல்லின் விதையோ அதனைத் தாங்கிப் பிழைத்தது. வட்டார வழக்கில் 'குல்லி டண்டா' எனப்படும் இப்புல் இளம்பருவத்தில் கோதுமையையே ஒத்திருக்கும். ஆதலால் கையால் களையெடுப்பதும் அரிதாயிற்று.

ஐசோபுரோட்டுரான் என்னும் களைக்கொல்லி தொடக்கத்தில் நல்ல பயன் தந்தது. ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்ததால், அதற்கு அழியாத செடிகளின் விதைகளே மண்ணில் பெருகின. 1990களின் தொடக்கத்தில் எதிர்ப்புத்திறன் வெளிப்பட்டது. ஆர்.கே. மாலிக், எசு. சிங் ஆகியோர் 1995இல் இதனை ஆய்விதழில் பதிவு செய்தனர். களை மிகுந்த வயல்களில் உழவர் கோதுமையை முற்றவிடாமல் பசுந்தீவனமாக அறுக்க நேர்ந்தது. பின்னர் வந்த மாற்று மருந்துகளுக்கும் இப்புல் எதிர்ப்புத்திறன் பெற்றது.

சூழலியல் வழிகள்

இந்நெருக்கடியே விதையிருப்பின்மீது கவனத்தைத் திருப்பியது. விதை மண்ணிற்குள் சேராது தடுத்தலும், சேர்ந்த விதையை முளைக்கவிடாது செய்தலும், முளைக்கச்செய்து அழித்தலும் என அதற்குரிய வழிகள் மூவகைப்படும்.

பெர்சீம் என்னும் தீவனப்பயிரைச் சுழற்சியில் சேர்ப்பது முதல்வகை. தீவனத்திற்காகப் பலமுறை அறுக்கும்போது களையும் விதை முற்றுமுன் அறுபடுகிறது. நன்கு மக்கிய எருவை மட்டும் இடுவதும் இவ்வகையே; மக்காத எரு களைவிதைகளை வயலுக்குக் கொண்டுசேர்க்கும்.

இரண்டாம் வகைக்கு, 1990களின் பிற்பகுதியில் அரியானாவில் பரவிய உழவில்லாக் கோதுமை விதைப்பு சான்றாகும். நிலம் கிளறப்படாததால் ஆழத்தில் கிடக்கும் விதைகள் மேலே வருவதில்லை. விதைப்பையும் முன்னதாக முடிக்கலாம். குளிர் மிகுந்தபின் நன்கு முளைக்கும் பாலாரிசை அதற்குள் பயிர் முந்திக்கொள்ளும். மண்மேல் தங்கும் விதைகளை எறும்பு, வண்டு, பறவை முதலியன உண்ணும். நெல்வைக்கோலை எரிக்காது மூடாக்காக விடின் முளைப்பு மேலும் குறையும்.

விதைப்பிற்குமுன் நீர் பாய்ச்சிக் களையை முளைக்கவிட்டு, பின் மேலாக உழுது அழிப்பது மூன்றாம் வகை.

இவற்றுள் எதுவும் தனித்து முழுத் தீர்வாவதில்லை. உழவில்லா முறையிலும் விதைப்பிற்குமுன் களைக்கொல்லி தெளிப்பவர் உளர். மேலும், ஆழ உழுதல் எல்லாக் களைக்கும் மருந்தாகாது. ஓராண்டு புதைக்கப்பட்ட விதையை மறு ஆண்டின் உழவு மேலே கொண்டுவரக்கூடும். எனவே களையின் இயல்பறிந்து வழிகளை இணைத்தலே ஏற்றது.

முடிவுரை

குறுந்தொகைப் புலவர் கண்ட களையின் மீட்சி, பிரென்ச்லியும் வாரிங்டனும் எண்ணிய விதைகள், அரியானா உழவர் அடைந்த இழப்பு ஆகிய மூன்றும் வெவ்வேறு காலத்தவை, வெவ்வேறு நோக்கத்தவை. அவற்றை ஒன்றாகக் கலக்காமல் அருகருகே வைத்து நோக்கின், பறித்தலோடு களைவேலை முடிவதில்லை என்ற உண்மை புலனாகிறது. நெல்வயலில் குனிந்து களையெடுக்கும் உழைப்பு நெடுங்காலமாகப் பெரும்பாலும் பெண்களுடையதாக இருந்து வருகிறது. மண்விதை இருப்பு குறையக் குறைய அவ்வுழைப்பின் சுமையும் மருந்தின் தேவையும் குறையும். அவ்விருப்பைத் தெளிவாகச் சுட்டும் சொல்லை ஆக்கித் தருவதும், பழம்பாடல்களை அவற்றின் எல்லை அறிந்து பயன்படுத்துவதும் தமிழாய்வாளர் இத்துறைக்குச் செய்யத்தக்க பணிகளாகும்.