சாம்பிளர் குயில்ட்

சாம்பிளர் குயில்ட் என்பது கட்டத்துக்கு ஒரு வடிவமாகத் துணித்துண்டுகளைத் தைத்து இணைத்த போர்வை. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்ற மூன்றடுக்கும், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத் தையலும் எல்லா குயில்ட்டுக்கும் பொது. மற்ற போர்வைகளில் ஒரே வடிவம் முப்பது நாற்பது முறை வரும். சாம்பிளரில் ஒன்பது கட்டம் என்றால் ஒன்பது வடிவம். தையல் பழகுபவருக்கு ஒவ்வொரு கட்டமும் ஒரு பாடம். அமெரிக்காவில் 1970-களில் குயில்ட் தையலுக்கு மறுபடி மவுசு வந்தபோது, வகுப்புகளில் முதலில் தைக்கக் கொடுத்தது பெரும்பாலும் இதைத்தான்.

சிறிய கட்டங்களின் உச்சம் என்று வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜேன் ஸ்டிக்கிள் 1863-இல் முடித்த போர்வையைச் சொல்லலாம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். நாலரை அங்குலக் கட்டங்கள் 169, எல்லாம் வெவ்வேறு வடிவம். மொத்தத் துண்டுகள் 5,602 என்று அவரே போர்வையில் தைத்து வைத்திருக்கிறார். பென்னிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ள இந்தப் போர்வை, வெளிச்சம் பட்டால் துணி நைந்துவிடும் என்பதால் ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே பார்வைக்கு வருகிறது. பிரெண்டா பபடாகிஸ் 1996-இல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிறகு, உலகெங்கும் பலர் அதைப் பார்த்துத் தைக்கத் தொடங்கினார்கள். புதியவர் அதில் கை வைக்க வேண்டாம்.

தமிழகத்தில் துண்டுத்துணி வேலை புதிதல்ல. தஞ்சாவூர்ப் பகுதியில் தேருக்குத் தொங்கவிடும் தொம்பைகள், வண்ணத் துணியை வெட்டி அடித்துணி மேல் வைத்துத் தைப்பவை. வீடுகளில் பழைய சேலையையும் வேட்டியையும் அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டுக் கைக்குழந்தைக்கு விரிப்பு செய்வார்கள். வங்கத்துக் காந்தாவும் மராட்டியத்துக் கோதடியும் இந்த அடுக்கு முறையைச் சேர்ந்தவையே. வடகன்னடத்துச் சித்தி இனப் பெண்களின் கவாண்டி, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும். கட்டம் கட்டமாக அளந்து இணைக்கும் முறை தமிழகத்துக்குப் பிந்தி வந்தது. சென்னையில் 2019 ஜனவரியில் இந்தியா குயில்ட் திருவிழா முதன்முறையாக நடந்தது; குயில்ட் இந்தியா அறக்கட்டளை நடத்தியது.

திருப்பூர் வட்டாரத்தில் நிலைமை விசித்திரமானது. தைக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை, துண்டுத்துணிக்கும் பஞ்சமில்லை. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் கிளம்பும் ஊரில் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக விழுகிறது. அது குடோன்களில் நிறவாரியாகப் பிரிந்து, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்களுக்குப் போய் மறுபடி நூலாகிறது. ஆனால் அந்தத் துண்டு புதியவருக்குக் கிடைக்கக்கூடியதிலேயே கடினமான துணி. பனியன் துணியில் பாவும் ஊடையும் கிடையாது. வளையம் வளையமாகப் பின்னியது, இழுத்தால் வரும். சிங்கிள் ஜெர்சி என்ற பனியன் ரகம் வெட்டிய உடனே ஓரத்தில் சுருண்டுகொள்ளும். கால் அங்குல விளிம்பு வைத்துத் தைக்க வேண்டிய வேலையில், அந்த விளிம்பே சுருண்டு போனால் எதைப் பிடித்துத் தைப்பது?

ஆகவே முதல் சாம்பிளருக்கு நெய்த பருத்தித் துணி நல்லது. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் காடா துணி அடித்துணிக்கு மிகப் பொருத்தம். மேல்துணிக்குப் பாப்ளினும் பழைய பருத்திச் சட்டையும் போதும். வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு முறை நனைத்துக் காயவைக்க வேண்டும். சுருங்குவது அப்போதே சுருங்கட்டும், சாயம் விடுவது அப்போதே விடட்டும்.

கட்டத்தின் அளவு ஆறு அங்குலம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு லகுவாகிறது. சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போகும் என்பதால், தைத்து முடித்த தனிக்கட்டம் 6½ அங்குலம் இருக்க வேண்டும். 2½ அங்குல அகலப் பட்டிகளாகத் துணியை வெட்டி வைத்தாலே முக்கால் வேலை முடிந்தது. மூன்று பட்டிகளை 6½ அங்குல நீளத்தில் பக்கம் பக்கமாகத் தைத்தால் வேலிக் கட்டம். அதே பட்டியை 2½ அங்குலச் சதுரங்களாக வெட்டி, மூன்றுக்கு மூன்று இணைத்தால் ஒன்பது துண்டுக் கட்டம். நடுவில் ஒரு 2½ அங்குலச் சதுரம் வைத்து, அதைச் சுற்றி 1½ அங்குலப் பட்டியை இரண்டு சுற்று தைத்தால் மரவீட்டுக் கட்டம். இரண்டாம் சுற்று முடியும்போது அளவு சரியாக 6½-க்கு வந்து நிற்கும். முக்கோணம் வேண்டுமானால், மூன்று அங்குலச் சதுரங்கள் இரண்டை முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இரு புறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டிலேயே வெட்ட வேண்டும். இரு நிறச் சதுரம் இரண்டு கிடைக்கும். அவற்றை 2½-க்குச் சீராக்கி, அப்படி நான்கையும் வெறும் சதுரம் ஐந்தையும் சேர்த்தால் நட்சத்திரம்.

சட்டை தைத்துப் பழகியவர் சறுக்குவது கால் அங்குலத் தையலில்தான். சட்டையில் அரை நூல் கூடினாலோ குறைந்தாலோ உடம்பு பொறுத்துக்கொள்ளும். இங்கே ஒன்பது துண்டுக் கட்டத்தின் ஒரு வரிசையில் தையல் இரண்டு. ஒவ்வொரு தையலும் இரண்டு பக்கத் துணியையும் தின்னும். அரை நூல், அதாவது 1/16 அங்குலம், உள்ளே தள்ளித் தைத்தாலும் நான்கு மடங்காகிக் கால் அங்குலம் போய்விடும். 6½ இருக்க வேண்டிய கட்டம் 6¼ ஆகி, பக்கத்துக் கட்டத்தோடு ஒட்டாது. இந்தப் பிசகு ஆறு அங்குலக் கட்டத்தில் நடந்தால் நட்டம் கையகலத் துணி. அதை உடனே கண்டுபிடிக்கவும் முடியும். சாம்பிள் பீஸ் ஓகே ஆகாமல் பல்க் கட்டிங் போடாத ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கருவிகளில் உருளைக் கத்தி 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்தது. வேகம் தரும், அவசியமில்லை. கட்டிங் மாஸ்டர் வெட்டுவது போன்ற பேட்டர்ன் அட்டையும் கூரான கத்தரியும் போதும். ஒவ்வொரு தையலுக்குப் பின்னும் இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் அழுத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் மூலைவாட்டத்தில் துணி இழுபடும்.

பனியன் துணியை விட மனமில்லாதவர்களுக்கும் வழி உண்டு. அக்குள், கழுத்து வளைவுகளில் விழும் சில்லறைத் துண்டை விட்டுவிட்டு, லே போட்டு, அதாவது துணியை அடுக்காக விரித்து வெட்டி, மிஞ்சும் நேரான நுனித்துண்டைத் தேட வேண்டும். முதலில் பின்புறம் மெல்லிய ஃபியூசிங் ஒட்டி, அதன் பிறகே அளந்து வெட்ட வேண்டும். வரிசை மாறினால் ஒட்டும்போதே அளவு ஓடிவிடும். ஊசி பால்பாயின்ட்டாக இருக்கட்டும். சாதாரண ஊசி வளையத்தை அறுத்து ஓட்டை விடும். சிங்கிள் ஜெர்சியை விட இன்டர்லாக் ரகம் சொன்னபடி கேட்கும். ஒரே கட்டத்தில் பனியன் துணியையும் நெய்த துணியையும் கலக்காமல் இருப்பது நல்லது.

ஒன்பது கட்டங்களுக்கு இடையிலும் சுற்றிலும் இரண்டு அங்குலப் பட்டி கொடுத்தால், முடிந்த அளவு 26 அங்குலச் சதுரம். கைக்குழந்தைக்கு விரிக்கலாம், சுவரில் மாட்டலாம். வீட்டுத் தையல் மெஷினின் கைக்கடியில் இது தாராளமாகப் புகும். இரட்டைக் கட்டில் போர்வையின் மூன்றடுக்கைச் சுருட்டித் திணிப்பது புதியவரால் ஆகாத காரியம்.