பொதுமக்கட்குரிய வரலாற்றிதழும் அளவை நெறியும்

வரலாறு என்பது கற்றுவல்லார் சிலர் தம்முள் ஆய்ந்து முடித்துக்கொள்ளுதற்கு மட்டும் உரிய பொருளன்று. ஒரு நாட்டினர் தம் முன்னோர் இன்னார், அவர் வாழ்ந்த காலம் இஃது என்று அறிந்துகொள்ளுதல் அந்நாட்டினர் எல்லார்க்கும் உரிய செல்வமாம். அச்செல்வத்தை யாவர்க்கும் பகிர்ந்தளிக்க எழுவனவே பொதுமக்கட்குரிய வரலாற்றிதழ்கள். அவை எளிய நடையின. படிப்பார்க்கு இன்பம் பயப்பன. ஆயினும், எளிமை கருதி முடிபுகளை மட்டும் கூறி, அம்முடிபு பெறப்பட்ட வழியை மறைத்துவிடுவனவாயின், அவற்றால் விளையும் பயன் சிறிதேயாம். இதனை நம் சமயத்தோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு காலவாராய்ச்சியைக் கொண்டு விளக்குவாம்.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வகுத்த கால்டுவெல் ஐயர் தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. எனினும் அவர், 1875-ல் வெளிவந்த அந்நூலின் இரண்டாம் பதிப்பில், திருஞானசம்பந்தர் காலத்தைக் கி.பி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதி எனக் கொண்டார். சம்பந்தர் கூன்பாண்டியன் காலத்தவர். கூன்பாண்டியனுக்குச் சுந்தர பாண்டியன் என்னும் பெயரும் உண்டு. 1292-ஐ ஒட்டிப் பாண்டி நாட்டிற்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ என்பார் சுந்தர பாண்டியன் என்னும் அரசனைக் குறிக்கின்றார். ஆகலின் இருவரும் ஒருவரே என்பது அவர் கொண்ட கருத்து. பெயரொப்புமை ஒன்றே இதற்கு ஏதுவாயிற்று. ஒரு பெயரை அரசர் பலர் பூண்டிருத்தல் பாண்டியர் குடியில் இயல்பு. ஆகவே அவ்வேது ஏதுப்போலியேயாம்.

இம்முடிபு நிலைபெற்றிருப்பின், தேவாரத் திருப்பதிகங்கள் சோழப் பேரரசு ஒடுங்கிய காலத்தில் தோன்றினவாக முடியும். திருத்தொண்டத்தொகையும் திருத்தொண்டர் புராணமும் அதற்குப் பின்னரே தோன்றின எனக் கூற வேண்டிவரும். சைவ இலக்கிய வரலாறு முழுவதும் தலைகீழாகும்.

இதனை மறுத்தெழுதியவர், மனோன்மணீயம் இயற்றியவரும் திருவனந்தபுரம் கல்லூரியில் தத்துவ ஆசிரியராயிருந்தவருமாகிய பெ. சுந்தரம் பிள்ளையவர்கள் (1855-1897). அவர் தம் ஆராய்ச்சியைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் 1891-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அது வரலாற்றுக்கென்றே அமைந்த இதழன்று. பல பொருளும் விரவிய பொது இதழேயாம். அவ்வாராய்ச்சி பின்னர் 1895-ல் தனி நூலாகவும் வந்தது.

கால ஆராய்ச்சிக்குரிய படிகளை ஒருவாறு இங்ஙனம் தொகுத்துரைக்கலாம். சேக்கிழார் அநபாய சோழன் காலத்தவர். அவர்க்கு முற்பட்டவர் திருத்தொண்டர் திருவந்தாதி அருளிய நம்பியாண்டார் நம்பி. நம்பிக்கு முற்பட்டவர், அவ்வந்தாதிக்கு முதனூலாகிய திருத்தொண்டத்தொகையை அருளிய சுந்தரமூர்த்தி நாயனார். அத்தொகையிலேயே சம்பந்தர் போற்றப்படுகின்றார். ஆதலின் சுந்தரர்க்கும் முற்பட்டவர் சம்பந்தர். இவ்வாறு ஒவ்வொரு படியும் நூற்சான்றால் நிற்கின்றது.

இதற்குக் கல்வெட்டுகளும் துணை நிற்கின்றன. தஞ்சை இராசராசேச்சரத்தில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்குப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் முதலாம் இராசராசன் அமைத்தான். அக்கோயிலில் ஸ்ரீகாரியஞ் செய்த ஆதித்தன் சூரியன் என்பான், சம்பந்தர், நாவுக்கரசர், நம்பியாரூரர் ஆகியோர் திருமேனிகளை எழுந்தருளுவித்தான். இராசராசன் ஆட்சி 1014-ல் முடிந்தது. 1292-ல் வாழ்ந்தவராகக் கூறப்பட்டவர்க்கு, அதற்கு 278 ஆண்டுகளுக்கு முன்னரே திருமேனி அமைந்திருத்தல் எங்ஙனம் கூடும்?

மேலும், சம்பந்தர் தம் திருச்செங்காட்டங்குடிப் பதிகத்தில் சிறுத்தொண்டரைக் குறிக்கின்றார். சிறுத்தொண்டர் முன்பு பரஞ்சோதியார் என்னும் பெயரோடு வாதாவி நகரை அழித்த படைத்தலைவர் எனச் சேக்கிழார் கூறுவர். வாதாவியை வென்றவன் முதலாம் நரசிங்கவர்மப் பல்லவன். அவ்வெற்றி 642-ஐ ஒட்டி நிகழ்ந்தது. இவ்வியைபைக் கல்வெட்டறிஞர் வெங்கையர் எடுத்துக்காட்டவே, சம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டு என்பது உறுதிப்பட்டது.

அற்றேல், இத்துணைச் சான்றும் அறிஞர்க்கே உரியன. பொதுமக்கட்கு ஏழாம் நூற்றாண்டு என்னும் முடிபு மட்டும் போதாதோ எனின், போதாது. முடிபு மட்டும் கேட்டவன், நாளை மற்றொருவன் வேறு கூறின் அதனையும் அவ்வாறே நம்புவான். வழியறிந்தவனோ இரண்டனையும் சீர்தூக்குவான். காண்டல், கருதல், உரை என அளவை மூன்றனை முதற்கண் வகுத்துக்கொண்டு பின்னரே பொருளுண்மை கூறப் புகுந்தது சிவஞான சித்தியார். கல்வெட்டைக் காண்டலாகவும், காலமுறையைக் கருதலாகவும், ஆன்றோர் நூலை உரையாகவும் ஒப்பவைத்து நோக்கின், வரலாற்றுக்கும் அந்நெறி பொருந்துமென்பது புலனாம்.

இனி, நம்மவருள் சிலர் நாயன்மார் காலத்தை எத்துணை முன் தள்ளுகின்றோமோ அத்துணைப் பெருமை உண்டாம் எனக் கருதுவர். அதுவும் பிழையே. திருவருட் பெருமை ஆண்டுக் கணக்கால் ஏறுவதும் குறைவதும் இல்லை. மாணிக்கவாசகர் காலத்தை மூன்றாம் நூற்றாண்டு என மறைமலையடிகள் நிறுவ முயன்றார்; ஒன்பதாம் நூற்றாண்டு எனக் கொள்வார் பலர். திருத்தொண்டத்தொகையில் அவர் பெயர் காணப்படாமையும், அவர் நூல்களில் வரகுணன் குறிக்கப்படுதலும் பின்னையோர் கூறும் சான்றுகளாம். இத்தகைய இடங்களில் இருதிறத்தார் கூற்றையும் சான்றுடன் முன்வைத்தல் வரலாற்றிதழின் கடன். தனக்கு உவப்பான முடிபை மட்டும் கூறி ஏனையதை மறைத்தல் படிப்பாரை வஞ்சித்தலேயாம்.

சுந்தரம் பிள்ளையவர்கள் மறைந்த 1897-ஆம் ஆண்டிலேயே ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் சித்தாந்த தீபிகையைத் தொடங்கினார்கள். சமயக் கொள்கையோடு வரலாற்றாராய்ச்சியையும் அவ்விதழ் ஏற்றுப் போற்றியது. சைவர் மெய்யாராய்ச்சிக்கு அஞ்சுபவரல்லர் என்பதற்கு அதுவே சான்று. ஆதலின் அன்பர்கள், வரலாறு கூறும் இதழ் எதனைக் கையிலெடுப்பினும், அது கூறும் முடிபை நோக்குதற்கு முன் அதற்குரிய சான்று யாதென வினவுவாராக. அங்ஙனம் வினவும் படிப்பாளர் பெருகுவராயின், பொய் எழுதுவார் தாமே ஒடுங்குவர். மெய் வரலாறு தழைக்கும்.