மருந்து அட்டையிலுள்ள தொகுதி எண்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

மாத்திரை அட்டையின் ஓரத்திலும் மருந்துக் குப்பியின் லேபிளிலும் எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு குறியீடு காணப்படும். இதுவே தொகுதி எண். மருந்துக் கடைகளில் இதனைப் பேட்ச் நம்பர் என்பர். ஒரே தயாரிப்புச் சுற்றில் உருவான மருந்துகள் அனைத்தும் ஒரே எண்ணைப் பெறும். 1945ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளின்படி இதனை அச்சிடுவது கட்டாயம். எண்ணின் அமைப்பைத் தயாரிப்பாளரே தீர்மானிப்பதால், அதிலிருந்து ஆண்டை ஊகிக்க முயல வேண்டாம். காலாவதி நாள் தனியே குறிக்கப்பட்டிருக்கும்.

2025 அக்டோபரில் இவ்வெண்ணின் தேவை துயரமான முறையில் வெளிப்பட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தின் எஸ்ஆர்-13 என்னும் தொகுதியில், சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு இருப்பதைத் தமிழ்நாடு அரசின் ஆய்வகம் கண்டறிந்தது. மத்தியப் பிரதேசத்தில் இம்மருந்தை உட்கொண்ட குழந்தைகள் பலர் உயிரிழந்தனர். நிறத்தையோ மணத்தையோ கொண்டு இந்நஞ்சை வீட்டில் அறிய இயலாது. அரசின் எச்சரிக்கைகள் தொகுதி எண்ணையே சுட்டின.

அட்டையை வெட்டி நாலைந்து மாத்திரைகளாக வாங்கும்போது இவ்வெண் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. அவ்வாறு வாங்குவோர் எண்ணை ரசீதில் எழுதித் தருமாறு கேட்கலாம். முழு அட்டையாயின், எண் உள்ள பகுதியிலிருக்கும் மாத்திரைகளைக் கடைசியில் பயன்படுத்துக. குழந்தைகளுக்கான மருந்தை வேறு குப்பிக்கு மாற்றுதல் கூடாது. கைப்பேசியில் லேபிளைப் படமெடுத்து வைப்பது எளிய வழி.

திண்டிவனம் அரசு மருத்துவமனையில் மாத்திரை பெறும் ஒருவர், அவசரநிலையில் முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படலாம். அப்போது உதிரி மாத்திரைகளைக் காட்டிலும் அவற்றின் அட்டையே மருத்துவருக்குப் பயன்படும். விலையின்றி வழங்கப்படும் அரசு மருந்துகளின் அட்டையிலும் தொகுதி எண் உண்டு.

2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் 300 முன்னணி வணிகப் பெயர் மருந்துகளில் கியூஆர் குறியீடும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதனை ஸ்கேன் செய்தால் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் தெரியும். அவை அச்சிட்ட விவரங்களுடன் பொருந்தாவிடில் மருந்தை உட்கொள்ளாமல் கடைக்காரரிடமும் மருந்து ஆய்வாளரிடமும் தெரிவிக்கவும்.

தரமற்றவையெனக் கண்டறியப்பட்ட மருந்துகளை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் தொகுதி எண்ணுடன் வெளியிடுகிறது. ஒரு தொகுதி தவறியதால் அம்மருந்தின் எல்லாத் தொகுதிகளும் தவறானவை ஆகா. வலிப்பு, இதயநோய், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. அதே மருந்தை வேறு தொகுதியிலிருந்து பெற்றுத் தொடர முடியுமா என மருத்துவரிடம் கேட்கவும்.

மருந்தினால் ஒவ்வாமை ஏற்பட்டதாக ஐயுற்றால் மருத்துவரை அணுகுவதுடன், 1800-180-3024 என்னும் கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். அழைக்கும்போது மருந்தின் அட்டையோ குப்பியோ கையில் இருக்கட்டும்.