விலாசம் தவறியவர்கள்

1940 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் தபாலாபீஸ்களில் ஒரு புது வேலை தொடங்கியது. கடுதாசி போட வந்துபோன அதே இடத்தில் அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்கள் வரிசையில் நின்று படிவம் நிரப்பி, விரல் ரேகை வைத்தார்கள். 14 வயதானவர்கள் எல்லோரும் பதிய வேண்டும். சில மாதங்களில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் பதிவானார்கள். அங்கேயே வசிப்பவர்கள் வீடு மாறினால் ஐந்து நாளுக்குள் புது விலாசத்தை எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டம் சொன்னது.

எந்தச் சட்டம்? நம் தோழர்கள் ஸ்மித் சட்டம் என்று அறிந்திருக்கிற அதுவேதான். கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் 11 பேரை 1949இல் நியூயார்க்கில் தண்டித்தது அதன் ஒரு பகுதி. இடதுசாரி வரலாறு அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறது. விலாசம் கேட்ட பகுதியைப் பற்றிப் பேச்சே இல்லை. என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே சட்டத்தில் வந்தது தற்செயல் இல்லை. ஒருவன் என்ன நினைக்கிறான் என்று கேட்கும் அரசு, அவன் எங்கே படுத்துத் தூங்குகிறான் என்றும் கேட்கத்தான் செய்யும்.

இதற்கு முன்கதை உண்டு. 1892இன் கியரி சட்டம் சீனத் தொழிலாளர்கள் வசிப்பிடச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றது. இல்லாவிட்டால் நாடுகடத்தல். அன்று ஓர் இனத்துக்கு விதித்ததை 1940 எல்லா அந்நியருக்கும் விரித்தது. பனிப்போர்க் காலத்தில், 1950இன் சட்டம் ஆண்டுதோறும் விலாசம் தெரிவிக்கச் சொன்னது. 1981இல்தான் அந்த வருடாந்திரச் சடங்கு ஒழிந்தது. ஆனால் வீடு மாறினால் பத்து நாளுக்குள் சொல்ல வேண்டும் என்ற 1952இன் விதி நின்றுவிட்டது. மீறினால் அபராதம், சிறை. வேண்டுமென்றே மீறியதாகக் கருதினால் நாடுகடத்தலும் உண்டு.

வழக்கு நிலுவையில் உள்ளவரின் பாடு இன்னும் மோசம். அவர் இரண்டு இடங்களில் சொல்ல வேண்டும்: குடியேற்றத் துறைக்குப் பத்து நாளில் ஒரு படிவம், குடியேற்ற நீதிமன்றத்துக்கு ஐந்து நாளில் வேறொரு படிவம். நீதிமன்றப் படிவத்தின் நகல் அரசுத்தரப்பு வக்கீலுக்கும் போக வேண்டும். துறைக்குச் சொன்னது நீதிமன்றத்துக்குச் சொன்னதாகாது. தபாலாபீசில் மட்டும் சொல்லி வைத்தால் இரண்டுக்கும் சொன்னதாகாது.

1990இன் சட்டப்படி விசாரணை நோட்டீசைப் பதிவுத்தபால் போன்ற சான்றுள்ள தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது. 1996இன் சட்டம் அதைக் கைவிட்டது. கடைசியாகக் கொடுத்த விலாசத்துக்கு அனுப்ப முயன்றதற்குச் சான்று இருந்தால் போதும். அதாவது, போட்டாச்சு என்றால் சேர்ந்தாச்சு. வாய்தாவுக்கு வராதவர் மீது அவர் இல்லாமலே நாடுகடத்தல் உத்தரவு பிறக்கும். நம்மூர்க் கோர்ட்டில் 'எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சு' என்பார்களே, அதுதான். நம்மிடம் வாசற்கதவில் சம்மனை ஒட்டும் சம்பிரதாயமாவது இருக்கிறது. பறிபோவது இங்கே பெரும்பாலும் நிலம். அங்கே ஊரே பறிபோகிறது.

யார் அடிக்கடி வீடு மாறுகிறார்கள்? வாடகை கட்ட முடியாதவர்கள், அறுவடையைத் தொடர்ந்து ஊர் ஊராகப் போகும் கூலிகள், உறவினர் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்பவர்கள். தங்கும் வீட்டின் தபால்பெட்டியில் தன் பெயரே இல்லாதவர்களிடம்தான் சட்டம் நிலையான விலாசம் கேட்கிறது.

சரி, அரசு தன் பங்கை ஒழுங்காகச் செய்ததா? 2002இல் இந்த விதியைக் கடுமையாக அமல்படுத்தப் போவதாக அறிவித்தார்கள். கான்சாஸ் சிட்டி அருகே நிலத்தடிக் கிடங்கில் சுமார் 2 லட்சம் விலாச மாற்றப் படிவங்கள் பதிவேற்றப்படாமல் கிடந்தது அந்த ஆண்டுதான் அம்பலமானது. பெரேரா வழக்கைப் பாருங்கள். அவர் தன் தபால்பெட்டி எண்ணை அதிகாரிகளிடம் கொடுத்திருந்தார். 2007இல் நீதிமன்றம் நோட்டீசைத் தெரு விலாசத்துக்கு அனுப்பியது. அது திரும்பி வந்தது. அவர் இல்லாமலே உத்தரவும் வந்தது. ஆறு ஆண்டு கழித்து, சாலை விதி மீறலுக்காகப் பிடிபட்டபோது அது அவரைத் துரத்தி வந்தது. நோட்டீஸ் கிடைக்கவில்லை என்று நிரூபித்து வழக்கைத் திறந்தார். தேதியும் நேரமும் இல்லாத நோட்டீஸ் முழு நோட்டீஸ் ஆகாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024இல் அதே நீதிமன்றம், பின்னால் அனுப்பிய தேதி நோட்டீஸே எக்ஸ்பார்ட்டி உத்தரவுக்குப் போதும் என்று 5க்கு 4 என்ற கணக்கில் அந்தக் கதவைப் பாதி சாத்தியது.

அரசு தொலைத்தால் தாமதம், ஏழை தொலைத்தால் குற்றம். இந்தச் சமமின்மைக்கு எதிராகப் பேசுகிறவர்கள் சின்ன வேலைகளையும் செய்தாக வேண்டும். படிவத்தை நிரப்பிக் கொடுப்பது, ரசீதைப் பத்திரப்படுத்துவது, வழக்கு எண்ணை வைத்துத் தொலைபேசியில் வாய்தா தேதியை விசாரித்துச் சொல்வது. இதெல்லாம் குமாஸ்தா வேலைதானே என்று தோன்றலாம். ஒரு கடுதாசி கைக்குச் சேராததால் ஊரிழந்தவரிடம் அதைச் சொல்ல முடியாது.