குருதியின் சாட்சியம்

முதியவர் ஒருவருக்கு வாய் கோணி, ஒரு பக்கத்துக் கை சோர்ந்து, சொல் குழறுமாயின், அதனைப் பாரிசவாதம் என ஊரார் உடனே கூறிவிடுவர். பெயர் ஒன்றாயினும் நோய் இரண்டு. மூளைக்குச் செல்லும் குருதிக் குழாயை உறைகட்டி அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்துக் குருதி பெருகுவது மற்றொன்று. கட்டியைக் கரைக்கும் மருந்து முன்னதற்கு அமிழ்தம், பின்னதற்கு நஞ்சு. வெளிக்குறிகளை மட்டுங் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிதல் கைதேர்ந்த வைத்தியருக்கும் அரிது.

இறந்தோர் மூளையை அறுத்தாராய்ந்து, இந்நோயில் குருதி கசிந்திருத்தலை 1658இல் நூலாக வெளியிட்டவர் சுவிற்சர்லாந்து வைத்தியர் வெப்பர். அதே ஆண்டில் ஒல்லாந்தைச் சேர்ந்த சுவாமர்டாம் உருப்பெருக்கியின்கீழ்ச் செங்குருதிக் கலங்களைக் கண்டார் என்பர். ஒரே ஆண்டிற் பிறந்த இவ்விரு ஆராய்ச்சிகளும் நெடுங்காலம் வெவ்வேறு வழியே சென்றமை வியப்பே. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செருமானியரான விர்ச்சோ, உறைகட்டி குருதியோடு மிதந்து சென்று தொலைவிலுள்ள குழாயை அடைக்கும் என நிறுவினார். பின்னர் ஏர்லிக் சாயமூட்டி வெண்கலங்களை வகைப்படுத்தினார். 1882இல் இத்தாலியரான பிசொசேரோ, குருதி உறைவதிற் சிறுதட்டுக்களுக்குள்ள பங்கினை விளக்கினார்.

அன்று வகுத்த அக்கலங்களையே இன்றைய ஆராய்ச்சியாளர் மீண்டும் எண்ணுகின்றனர். மூளை தாக்கப்பட்ட சில மணி நேரத்துள் நியூத்திரோபில் என்னும் வெண்கலங்கள் பெருகுகின்றன, இலிம்போசைற்றுக்கள் குறைகின்றன. இவற்றின் விகிதம் மிக உயர்ந்திருப்பின், நோயாளி தேறுவது பெரும்பாலும் கடினமாகின்றது. இலிம்போசைற்றுக் குறைந்தவரை நுரையீரற் காய்ச்சலும் எளிதிற் பற்றும். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டியதில்லை. வழக்கமான குருதிக்கல எண்ணிக்கையே போதும்.

ஆயினும் முதியோர் உடலில் இச்சாட்சி சற்றுத் தடுமாறும். சளிக்காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றுங்கூட அதே விகிதத்தை உயர்த்துமன்றோ? அடைப்பா, கசிவா என்னும் முதல் வினாவுக்கோ அவ்விகிதம் நம்பத்தக்க விடை தருவதில்லை. 1971இல் இலண்டனில் முதன்முதல் நோயாளிக்குப் பயன்பட்ட சீ.ரி. ஸ்கான் கருவியே அவ்விடையைத் தருகின்றது.

வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியிலுள்ள பூவரசங்குளம் போன்ற ஊர்களுக்கு இக்குறை சிறியதன்று. கட்டி கரைக்கும் மருந்தைப் பொதுவாக நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துள் ஏற்ற வேண்டும். ஒரு துளிக் குருதியே விடை கூறுமாயின், சிறிய வைத்தியசாலையிலேயே பாதி வழி கடந்ததாகும். அது கைகூடும்வரை, எண்ணெய் தேய்த்துப் பொழுது போக்காது, ஸ்கான் உள்ள வைத்தியசாலைக்கு உடனே கொண்டு செல்லல் வேண்டும். நோயாளி இறுதியாக நலமுடன் காணப்பட்ட நேரத்தை வீட்டார் குறித்துக்கொள்க. அங்கு வைத்தியர் முதலிற் கேட்பது அதனையே.