ஐயாயிரத்து நூற்றாறு வாக்குகள்

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம்மிடையே ஒரு வழக்கு எழுவதுண்டு. "இருவரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், தோற்றாலும் சரி, மனத்திற்கு உகந்தவருக்கே வாக்களிப்போம்" என்பார் ஒருவர். "வாக்கு ஓர் அமானிதம், வெல்ல முடியாதவரிடம் அதை ஒப்படைப்பது வீணாக்குவதாகாதா?" என்பார் மற்றொருவர். இவ்வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1844ஆம் ஆண்டு நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் இது முழு வடிவில் எழுந்தது. அதன் விளைவைச் சுமந்தவர்களோ வாக்குரிமையே இல்லாதவர்கள். ஆதலின் அவ்வரலாற்றைச் சற்று விரிவாகவே காண்போம்.

அவ்வாண்டு களத்தில் நின்ற பெரிய கட்சிகள் இரண்டு. விக் கட்சியின் வேட்பாளர் கென்டக்கியைச் சேர்ந்த ஹென்றி கிளே; ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் டென்னஸியைச் சேர்ந்த ஜேம்ஸ் போல்க். இருவருமே அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர்கள். அடிமை முறையைப் பாவமெனக் கருதிய ஒருவர் இவ்விருவரில் எவருக்கு மனமுவந்து வாக்களிப்பார்? அத்தகையோர் 1840ஆம் ஆண்டிலேயே 'லிபர்ட்டி கட்சி' எனும் விடுதலைக் கட்சியை நிறுவியிருந்தனர். அதன் வேட்பாளர் ஜேம்ஸ் பர்னி. அவரும் ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்தவரே. ஆனால் மனம் மாறி அவர்களை விடுவித்தவர். சின்சினாட்டி நகரில் அவர் பத்திரிகை நடத்தியபோது, 1836ஆம் ஆண்டில் வெறிகொண்ட கூட்டம் அச்சகத்தைச் சூறையாடியது. கொள்கைக்காக இழப்பை ஏற்ற பெருமகன் அவர் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் அத்தேர்தலின் உயிர்நாடியான வினா வேறு. மெக்ஸிக்கோவிலிருந்து பிரிந்து தனி நாடாக இயங்கிய டெக்ஸாஸை அமெரிக்காவோடு இணைப்பதா, வேண்டாமா என்பதே அது. அங்கே அடிமை முறை வேரூன்றியிருந்தது. இணைத்தால் அம்முறைக்கு ஒரு பெரும் அரண் கிடைக்கும். மெக்ஸிக்கோவுடன் போரும் மூளும். போல்க் இணைப்பை வெளிப்படையாக வேண்டினார். கிளே ஏப்ரல் மாதத்தில் அதனை எதிர்த்துக் கடிதம் வெளியிட்டார். பின்னர் ஜூலையில், தென் மாநிலத்தாரின் மனம் குளிர, போரின்றி, நேர்மையான முறையில், எல்லாரும் இசைந்து நடக்குமாயின் தமக்கு மறுப்பில்லை என்னும் பொருள்பட எழுதினார். அரசியலில் இரு படகில் கால் வைப்போர்க்கு நேர்வதே அவருக்கும் நேர்ந்தது. வடபுலத்தில் அவர்மீது கொண்டிருந்த நம்பிக்கை தளர்ந்தது. பர்னிக்குச் சென்ற வாக்குகளுக்குக் கிளேயும் ஒரு காரணம் என்பதை மறைத்தல் நீதியாகாது.

முடிவு நியூயார்க் மாநிலத்தில் தீர்மானமாயிற்று. ஒரு மாநிலத்தில் மிகுதியான வாக்குப் பெற்றவர்க்கே அம்மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் உரியர் என்பது அங்கு நிலவிய முறை. நியூயார்க்கில் போல்க் பெற்றவை 2,37,588. கிளே பெற்றவை 2,32,482. பர்னி பெற்றவை 15,812. வேறுபாடு 5,106 வாக்குகளே. பர்னிக்கு வாக்களித்தோரில் மூன்றில் ஒரு பங்கினர் கிளேயின் பக்கம் வந்திருப்பின், நியூயார்க்கின் 36 தேர்வாளர்களும் அவரைச் சேர்ந்திருப்பர். நாடு முழுவதிலும் போல்க்குக்கு 170, கிளேக்கு 105 என்றிருந்த கணக்கு 134க்கு 141 என்று தலைகீழாக மாறியிருக்கும். (போல்க் தம் சொந்த மாநிலமான டென்னஸியிலேயே நூற்றுச் சொச்சம் வாக்குகளில் தோற்றவர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.) பர்னியின் ஆதரவாளர்கள் அவர் இல்லாவிடில் வாக்குச் சாவடிக்கே வந்திருக்கமாட்டார்கள் என வாதிடுவோரும் உளர். மூன்றில் ஒருவரேனும் வந்திருப்பார் என்பதே நம் எண்ணம்.

அடுத்து நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. 1845இல் டெக்ஸாஸ் இணைக்கப்பட்டது. 1846இல் மெக்ஸிக்கோப் போர் மூண்டது. 1848இல் போர் முடிந்தபோது, டெக்ஸாஸையும் சேர்த்து மெக்ஸிக்கோ தன் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் இழந்திருந்தது. 1850ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் டெக்ஸாஸில் இருந்த அடிமைகள் 58,161 பேர். 1860இல் அத்தொகை 1,82,566. பர்னிக்கு வாக்களித்த நன்மக்களில் ஒருவரேனும் இதனை விரும்பியிருப்பாரா? அவர்தம் மனச்சாட்சி தூய்மையாகவே இருந்தது. பருத்தி வயல்களில் கசையடி பட்டவனுக்கு அத்தூய்மையால் என்ன பயன்?

இல்லினாய் மாநிலத்தில் அப்போது வழக்கறிஞராக இருந்த ஆபிரகாம் லிங்கன், 1845 அக்டோபரில் விடுதலைக் கட்சி அன்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இதே கேள்வியை எழுப்பினார். நன்மை விளையும் என்பதற்காகத் தீமையைச் செய்யலாகாது என்று அக்கட்சியினர் கூறிய நியாயத்தை எடுத்துக்கொண்டு, மரத்தை அதன் கனியால் அன்றோ அறிய வேண்டும், அடிமை முறை பரவுவதைத் தடுக்கும் வாக்கு எவ்வாறு தீமையாகும் என்று வினவினார்.

எனினும் விடுதலைக் கட்சியினரின் உழைப்பு முற்றிலும் வீண் என்று நாம் சொல்லத் துணியோம். அவர்களிற் பெரும்பாலோர் 1848இல் 'சுதந்திர நிலக் கட்சி'யில் கலந்தனர். அது நூற்றுக்குப் பத்து வாக்குகள் பெற்றும் ஒரு தேர்வாளரைக்கூடப் பெறவில்லை. பின்னர் 1854இல் தோன்றிய குடியரசுக் கட்சியில் சேர்ந்தனர். பழைய விடுதலைக் கட்சியின் தலைவர்களுள் ஒருவரான சால்மன் சேஸ், பிற்காலத்தில் லிங்கனின் நிதியமைச்சரானார். ஆனால் அவ்வழியில் அவர்கள் கொடுத்த விலையையும் காண்க: அடிமை முறையை ஒழிப்போம் என்பது சுருங்கி, புதிய நிலங்களுக்கு அது பரவாமல் தடுப்போம் என்றாயிற்று. அந்தச் சுருங்கிய கோரிக்கையே 1860இல் லிங்கனை வெற்றி பெறச் செய்தது.

அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸின் போக்கு நம்மைப் பெரிதும் கவர்கிறது. 1856இல் அவர் முதலில் ஜெரிட் ஸ்மித் என்னும் சிறு கட்சி வேட்பாளரை ஆதரித்தார்; ஆகஸ்டில் மனம் மாறிக் குடியரசுக் கட்சியின் பிரீமான்டின் பக்கம் வந்தார். 1860இல் மீண்டும் ஸ்மித்தையே ஆதரித்தார். நியூயார்க்கில் லிங்கன் ஏறத்தாழ 50,000 வாக்குகள் முன்னிலையில் வென்றதால் அதனால் எவர்க்கும் இடையூறு நேரவில்லை. 1844இல் அந்த வசதி இருக்கவில்லை.

நூற்றைம்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டில், அதே கணக்கு ஃபுளோரிடாவில் திரும்ப வந்தது. ஜார்ஜ் புஷ் அங்கே வென்றது 537 வாக்குகளில். இரு பெரிய கட்சிகளுக்கும் வேற்றுமையில்லை என்று முழங்கிய ரால்ஃப் நாடர் பெற்றவை 97,488. அம்மாநிலம் கைம்மாறியிருப்பின் அல் கோர் குடியரசுத் தலைவராகியிருப்பார். 2003இல் ஈராக்கின்மீது படையெடுக்க ஆணையிட்டவர் புஷ்.

ஆனால் அத்தேர்தலில் முஸ்லிம்களின் கதை வேறு விதமானது. இரகசிய ஆதாரங்களைக் கொண்டு மக்களைச் சிறையில் வைக்கும் வழக்கத்தைத் தொலைக்காட்சி விவாதத்தில் புஷ் கண்டித்தார். அதனை நம்பி, அமெரிக்க முஸ்லிம் அரசியல் ஒருங்கிணைப்புக் குழு அவ்வாண்டு அக்டோபரில் அவரை ஆதரிக்கும்படி அறிவித்தது. வெல்லக்கூடியவரைத் தேர்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, வாக்குகளை ஒன்றுதிரட்டிய முயற்சி அது. அடுத்த ஆண்டு செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், அக்டோபரிலேயே தேசப்பற்றுச் சட்டம் என்ற பெயரில் காவல் அதிகாரங்களை விரிக்கும் சட்டத்தில் அதே புஷ் கையெழுத்திட்டார். சட்டத்தின் நிழல் முதலில் விழுந்தது முஸ்லிம் இல்லங்களின்மீதே.

2004ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தபோது அமெரிக்க முஸ்லிம் அமைப்புகள் மீண்டும் கூடின. ஜனநாயகக் கட்சியின் ஜான் கெரியிடம் அவர்களுக்கு முழு நிறைவில்லை. அதனை அவர்கள் மறைக்கவுமில்லை. சிறு கட்சிகளை நாடவுமில்லை. தங்கள் எதிர்ப்பு வாக்கைக் கெரிக்கே அளியுங்கள் என்று சமுதாயத்தைக் கேட்டுக்கொண்டனர். அத்தேர்தலில் கெரி தோற்றார்.